மணலில் ஒரு கப்பலின் எலும்பு, அதன்மேல் ஆலாக்கள்: திருகோணமலைக் கரையில் ஒரு நாள் செலவிட முழுமையான வழிகாட்டி

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்களில் பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

கடலும் பறவையும் ஒரே மாதத்தில் நமக்கு வசதிப்படுவதில்லை. நிலாவெளிக் கடல் குளம் போலக் கிடப்பது ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரை. தண்ணீருக்கடியில் கப்பலைப் பார்க்க வேண்டுமென்றால் அதுதான் பருவம். ஆனால் அந்த மாதங்களில் பெரும்பாலும் வலசைப் பறவைகள் இங்கே இருப்பதில்லை. அவை வடக்கே, சைபீரியப் பக்கத்துச் சதுப்புகளில் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். செப்டெம்பரில் வரத் தொடங்கி ஏப்ரலில் திரும்புகின்றன. நடுவில் வாடைக்காற்றுக் காலம். நவம்பரிலிருந்து சனவரி வரை கடல் கரையை அறைந்துகொண்டே இருக்கும், மழையும் விடாது.

ஆக, இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது இரண்டு இடுக்குகளில்தான்: மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை ஒன்று, செப்டெம்பர் மற்றொன்று. என்னைக் கேட்டால் ஏப்ரல் முதல் இரண்டு வாரம். அதற்குக் காரணம் இருக்கிறது. வாடைக் கடல் கரை மணலை வாரிக்கொண்டு போய்விடும், அதனால் மண்ணுக்குள் கிடந்த இரும்பும் மரமும் வெளியே தெரியும். கடல் அடங்கியதும் அலைகள் மெல்ல மெல்ல மணலைத் திருப்பிக் கொண்டுவந்து மூடிவிடும். சனவரியில் இடுப்பளவு நின்ற ஒரு இரும்பு விலா ஓகஸ்டில் கணுக்காலளவுகூட இல்லாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஏப்ரலில் இன்னும் பாதி வெளியே நிற்கும். பறவைகளும் புறப்படுவதற்கு முன் கூடுகட்டும் காலத்து நிறத்தை உடுத்திக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் சாம்பல் நிறத்தில் ஓடித்திரிந்த உள்ளான் என்ற சேற்றுப் பறவை, செங்கல் நிறத்தில் நிற்கும்.

எங்கே போவது

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போனால் உப்புவெளி, சாம்பல்தீவு, பிறகு ஏறத்தாழ 15 கிலோமீற்றரில் நிலாவெளி. அதற்கு அப்பால் இறக்கக்கண்டிப் பாலம், அதன் கீழே களப்பு, அதாவது கடலோடு சேரும் உப்பேரி. இன்னும் வடக்கே கும்புறுப்பிட்டி, குச்சவெளி. ஒரு காலத்தில் இந்த வீதியில் ஆறுகளைப் பாதை என்ற மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். இப்போது எல்லாம் பாலம். நம் வேலைக்கு நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடைப்பட்ட கரை போதும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல் திட்டு.

நான் பார்க்கப் போகும் இரும்புக் கூட்டின் சரியான இடத்தை இங்கே எழுத மாட்டேன். இது கருமித்தனம் இல்லை. கரையில் கிடக்கும் இரும்புக்கு எடைக் கணக்கில் விலை உண்டு. இடம் எழுத்தில் வந்தால் மறுமாதம் வெட்டிக்கொண்டு போக ஆள் வரும். ஆனால் நீங்கள் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. கரைவலை வாடி (வலைக்காரர் தங்கும் கொட்டில்) ஒன்றில் போய் நின்று மரியாதையாகக் கேட்டால் போதும்.

நான் முதன்முதல் கேட்டதும் அப்படித்தான். வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்த பெரியவரிடம், "நானா, இந்தப் பக்கம் உடைஞ்ச கப்பல் ஏதும் கிடக்குதா?" என்றேன். அவர் என் கமராவைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "செருப்போடதான் போறீங்களா தம்பி? சப்பாத்துப் போட்டுட்டு வாங்க. அங்க வெளிய தெரியிறது கொஞ்சம், உள்ளுக்குக் கிடக்கிறதுதான் கூட" என்றார். கப்பல் சிதைவைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. இன்றுவரை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

முதல்நாள் ஆயத்தம்

தடித்த அடியுள்ள சப்பாத்து, அகன்ற தொப்பி, ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், ஒரு 8×42 பைனாகுலர், குறிப்பேடு, பென்சில். பேனா வேண்டாம், உப்புக் காற்றில் தாள் ஈரமாகிவிடும். வெளிர் நிறச் சட்டையை விட மண் நிறச் சட்டை நல்லது. மஞ்சள், சிவப்பு உடுத்திக்கொண்டு பறவையைத் தேடிப் போகாதீர்கள்.

கடல் நிலையை முதல்நாள் மாலையே கரையில் கேட்டுவிடுங்கள். வற்றும் பெருக்கும் இங்கே பெரிதாகத் தெரியாது. பறுவத்திலும் அமாவாசையிலும்கூட வித்தியாசம் ஒரு மீற்றருக்குக் குறைவுதான். ஆகவே மற்ற நாட்டு வழிகாட்டிகளில் படித்துவிட்டு "கடல் வற்றட்டும்" என்று காத்திருப்பதில் பயனில்லை. இங்கே பறவையைக் கூட்டி வருவது களப்பின் நீர்மட்டம். மழை நின்றபின் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும், வெயிலில் களப்பு வற்றும், சேறு வெளியே வரும். சேறு வந்தால் உள்ளானும் வரும்.

ட்ரோன் கொண்டுவர நினைத்தால் இரண்டு காரணத்துக்காக வேண்டாம் என்பேன். முறையான அனுமதி வேண்டும் என்பது ஒன்று. தலைக்குமேல் அது இரைந்தால் பறவைகளுக்கு அது பருந்துதான், மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும் என்பது மற்றொன்று. கடற்படை முகாம்கள் உள்ள பக்கம் கமராவை நீட்டவும் வேண்டாம்.

விடியற்காலை: களப்பு, கடல் அல்ல

நாம் கிழக்குக் கரையில் நிற்கிறோம். சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. காலையில் கடல் பக்கம் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். அதனால் காலையில் மணல் திட்டில் ஏறி, கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே களப்பைப் பாருங்கள். வெளிச்சம் உங்கள் முதுகிலும் பறவையின் முகத்திலும் விழும். பின்னேரம் மூன்று மணிக்குமேல் எல்லாம் தலைகீழ். சூரியன் தரைப்பக்கம் போய்விடும், அப்போது கடலோர இரும்பும் அதன்மேல் இருக்கும் பறவையும் துலக்கமாகத் தெரியும். காலை களப்பு, பின்னேரம் கப்பல். இந்த ஒழுங்கை மாற்றினால் வெறும் நிழலைப் படம் பிடித்துக்கொண்டுதான் திரும்புவீர்கள்.

ஐந்தரைக்கு அங்கே நிற்க வேண்டும். சூரியன் எழ ஆறு மணியாகும். முதல் வெளிச்சத்தில் நடக்காதீர்கள். தாழை மரத்தடியிலோ ஒரு வள்ளத்தின் நிழலிலோ உட்கார்ந்துவிடுங்கள். நடக்கிற மனிதனைக் கண்டால் எழும்பும் பறவை, உட்கார்ந்திருக்கும் மனிதனை அரை மணி நேரத்தில் மறந்துவிடுகிறது.

புதிதாக வருகிறவர்கள் பெயர் தேடிப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்குவார்கள். அதற்கு முன் நடையைப் பாருங்கள். சேற்றில் ஒன்று ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், ஒரு கொத்துக் கொத்திவிட்டு மறுபடி ஓடும். அது உப்புக்கொத்தி. கண்ணால் இரை தேடுகிற பறவை, அதனால் நின்று பார்த்தாக வேண்டும். இன்னொன்று தலையைத் தூக்காமல் தையல் இயந்திரம் போல அலகை இறக்கி இறக்கிக் குத்திக்கொண்டே போகும். அது உள்ளான் இனம். அதற்குக் கண் அலகின் நுனியில் இருக்கிறது என்று சொல்லலாம். சேற்றுக்குள் இருப்பதைத் தொட்டே அறிகிறது. இந்த இரண்டு நடையும் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு கால். சிவந்த காலோடு நடந்தால் பவளக்காலி, பச்சை கலந்த சாம்பல் காலென்றால் பச்சைக்காலி. உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் இளஞ்சிவப்புக் கால், கறுப்பு வெள்ளை உடல் என்றால் நெடுங்கால் உள்ளான். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் கூட்டமாக ஓடுவது கொசு உள்ளான். அதன் எடை நம் வீட்டுச் சிட்டுக்குருவியின் அளவுதான். அந்த உடம்போடு வடதுருவப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

மணலிலே கூடு: இந்தப் பகுதியைத் தவறவிடாதீர்கள்

எல்லாப் பறவையும் விருந்தாளி அல்ல. இங்கேயே பிறந்து இங்கேயே முட்டையிடுகிறவையும் உண்டு. கடலில் பாய்ந்து மீன் பிடிக்கும் சின்ன ஆலா, அனுமன் உப்புக்கொத்தி, நெடுங்கால் உள்ளான். அனுமன் உப்புக்கொத்தி இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்வது. நெடுங்காலம் வேறொரு உப்புக்கொத்தியின் உள்ளினமாகவே எண்ணப்பட்டு, 2023இல்தான் அது தனி இனமென்று ஆய்வில் காட்டப்பட்டது. அனுமன் தாண்டிய கடலின் இரு கரையிலும் இருப்பதால் அந்தப் பெயர்.

இவை கூடு என்று எதையும் கட்டுவதில்லை. மணலில் ஒரு சிறு குழி, சுற்றிவர நாலு சிப்பித்துண்டு, நடுவில் இரண்டு மூன்று முட்டை. முட்டையின் நிறம் மணலின் நிறம், அதன்மேல் புள்ளிகள். பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் என் மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒரு சின்ன உப்புக்கொத்தி எங்களுக்கு முன்னால் இறக்கையை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடியது. "அப்பா, பாவம், இறக்கை முறிஞ்சிட்டுது" என்று பிள்ளை அதன் பின்னாலேயே போனாள். நானும் போனேன். ஐம்பதடி தள்ளிப் போனதும் அது பறந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அது முறிந்த இறக்கையே இல்லை. கூட்டிலிருந்து எங்களை இழுத்துக்கொண்டு போக அது ஆடிய நாடகம். நாங்கள் படம் எடுக்கிறோம் என்று அங்கேயே இருபது நிமிடம் நின்றுவிட்டிருந்தோம். பத்து மணி வெயில். மணலில் கை வைக்க முடியவில்லை.

இந்தப் பறவைகள் முட்டையின்மேல் உட்காருவது சூடு கொடுப்பதற்காக மட்டும் அல்ல, நிழல் கொடுப்பதற்கும்தான். வெயில் கடுமையானால் ஓடிப்போய்த் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தால் முட்டையைக் குளிர்விக்கும். தாயை நாம் இருபது நிமிடம் தள்ளி வைத்தால், முட்டைக்குள் இருக்கும் குஞ்சு வெந்துபோகலாம். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இன்னும் பிழை. ஆனால் அன்றிலிருந்து மணலில் நடக்கும் விதத்தையே மாற்றிக்கொண்டேன்.

விதம் இதுதான். அலை நனைத்த ஈர மணலில் மட்டும் நடங்கள், அங்கே எந்தப் பறவையும் முட்டையிடாது. இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் தொடங்குகிற உலர்ந்த மேட்டில், ஏற்கெனவே மிதிபட்ட தடத்தை விட்டு வேறெங்கும் கால் வைக்காதீர்கள். ஒரு பறவை உங்களைச் சுற்றிச் சுற்றிக் கத்தினாலோ, நொண்டினாலோ, வந்த அடிச்சுவட்டிலேயே பின்னோக்கிப் போய்விடுங்கள். சின்ன ஆலா தலையில் கொத்த வந்தால் அதுவும் அதே செய்திதான். வாகனத்தை மணலில் இறக்கவே வேண்டாம். கூட வந்த நாயைக் கட்டியே வைத்திருங்கள்.

நடுப்பகல்

பதினொன்றிலிருந்து மூன்று வரை கரையில் வேலை இல்லை. கரைவலை இழுக்கிற நேரம் வாய்த்தால் ஒரு கை கொடுங்கள், மீன் சேர்ந்த வலை மடி கரைக்கு வரும்போது மேலே பருந்துகளும் காகங்களும் வட்டமிடுவதைப் பார்க்கலாம். இல்லையென்றால் நிழலில் படுத்துவிடுங்கள்.

பின்னேரம்: இரும்பை வாசிப்பது

இந்தத் துறைமுகத்தின் வாயிலில் கப்பல் கெடுவது புதிதல்ல. 1795 ஓகஸ்டில், திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடிக்க வந்த ஆங்கிலேயப் படையின் 44 பீரங்கிக் கப்பலான டயோமீட், வரைபடத்தில் இல்லாத ஒரு பாறையில் மோதி மூழ்கியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது துறைமுகத்துக்குள் தீப்பிடித்த சகாயிங் என்ற பயணிகள் கப்பலை, அடுத்த வருடம் வேண்டுமென்றே மூழ்கடித்து அதையே ஒரு இறங்குதுறையாகப் பயன்படுத்தினார்கள். 75 வருடம் தண்ணீருக்குள் கிடந்த அந்த 452 அடி நீளக் கப்பலை 2018இல் இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் மிதக்க வைத்தார்கள். அதே 1942 ஏப்ரல் 9இல் இங்கிருந்து வெளியேறித் தெற்கே போன விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் மூழ்கியது. 300க்கு மேற்பட்டோர் அதனோடு போனார்கள். ஏப்ரலில் இந்தக் கரையில் இரும்பைத் தொடும்போது அந்தத் திகதி எனக்கு நினைவுக்கு வராமல் போவதில்லை.

ஆனால் நீங்கள் மணலில் காண்கிற சிதைவுக்குப் பெயர்ப்பலகை இருக்காது. அதை நீங்களேதான் வாசிக்க வேண்டும். இப்படித் தொடங்குங்கள்.

தொடுவதற்கு முன் ஒரு முழு வட்டம் நடங்கள், பத்தடி தள்ளி. வடக்கு கிழக்குக் கரையில் போர்க்காலத்து வெடிபொருள் கரையொதுங்குவது உண்டு. உருண்டை, நீள்குழாய், வால் உள்ளது என எது கிடந்தாலும் கிட்டப் போகாதீர்கள், காலால் தட்டாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு 119க்குச் சொல்லுங்கள்.

அடுத்து, எதனால் ஆனது என்று பாருங்கள். கண்ணாடிநார்ப் படகென்றால் அது நம் காலத்துத்தான். 2004 டிசம்பர் 26இல் சுனாமி தூக்கி வீசியவற்றின் துண்டுகள் இன்னும் பற்றைகளுக்குள் கிடைப்பதுண்டு, அவற்றின் முன் சற்று அமைதியாக நில்லுங்கள். மரமென்றால் விரல் பருமனில் துளைகள் இருக்கிறதா, உட்பக்கம் சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். கப்பற்புழு துளைத்த வழி அது. இரும்பென்றால் தகடும் தகடும் சேரும் இடத்தைக் கவனியுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வரிசை வரிசையாகக் குமிழ் ஆணி அறைந்திருந்தால் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கட்டுமானம். ஆணி இல்லாமல் உருக்கி ஒட்டிய தழும்பு மட்டும் ஓடினால் பிந்தியது. போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும்தான் கப்பல் கட்டும் இடங்கள் பரவலாக ஒட்டுவேலைக்கு மாறின.

விலாக்களைப் பாருங்கள். சீரான இடைவெளியில் வளைந்து நிற்பவை கப்பலின் பக்கச் சட்டங்கள். அவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன? இரு வரிசையும் தெரிந்தால் நடுவில் காலடி வைத்து அகலத்தை அளந்து எழுதுங்கள். நீராவிக் கப்பலென்றால் கொதிகலன் உருளையாகக் கிடக்கும். தடித்த தகடு ஆதலால் மற்றதெல்லாம் தின்னப்பட்ட பிறகும் அது மிஞ்சும்.

ஏறாதீர்கள். மேலே உறுதியாகத் தெரியும் தகடு உள்ளே கடதாசி போல இருக்கும். துருப்பிடித்த இரும்பு கீறினால் அன்றைக்கே ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரி போங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள். தண்ணீருக்குள் நிற்கும் பகுதிக்கு நீந்திப் போகவும் வேண்டாம். இரும்பைச் சுற்றி நீர் சுழன்று பள்ளம் தோண்டியிருக்கும். இழுவையில் அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள்.

எதையும் எடுக்காதீர்கள். ஒரு ஆணிகூட வேண்டாம். 100 வருடத்துக்கு மேற்பட்ட சிதைவு தொல்பொருள். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். இடத்தைவிட்டு எடுத்த ஆணி எதையும் சொல்லாது, இடத்திலேயே இருந்தால் ஒரு கப்பலின் வயதைச் சொல்லும். கடலுக்குள் கிடந்த இரும்பைக் கொண்டுபோய் வீட்டில் வைத்தால் உப்பு வெளியேறி மாதக்கணக்கில் உதிர்ந்து பொடியாகிவிடும். ஒரு அளவுகோலோ தீப்பெட்டியோ பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள்.

இப்போது பின்னுக்கு வந்து உட்காருங்கள், நூறடி தள்ளி. இரும்பு தன் வேலையைக் காட்டும். மணல்தரையில் ஒட்டுவதற்கு இடமில்லாத பாசிக்கும் மட்டிக்கும் இரும்பு இடம் கொடுக்கிறது. அவற்றைத் தின்னச் சிறுமீன் வருகிறது, சிறுமீனைத் தேடி மேலே பறவை. நீர்க்காகம் விலா நுனியில் ஏறி இறக்கையை விரித்து நிற்கும். அதன் இறகு வாத்தின் இறகுபோல் நீரை முழுதாகத் தள்ளாது, அதனால் முங்கியெழுந்தபின் காயவைத்தாக வேண்டும். கரைக்கொக்கு நிழலில் ஒதுங்கும். கல்திருப்பி உள்ளான் இரும்படியில் கிடக்கும் சிப்பியையும் பாசியையும் அலகால் புரட்டிப் புரட்டித் தேடும்.

ஆலாக்கள் எல்லாம் காற்றுக்கு எதிர்முகமாக ஒரே திசை பார்த்து வரிசையாக இருக்கும். அலகைப் பாருங்கள். மஞ்சள் என்றால் பெரிய கொண்டை ஆலா, செம்மஞ்சள் என்றால் சிறிய கொண்டை ஆலா, மிளகாய்ச் சிவப்பில் தடித்த அலகு என்றால் காஸ்பியன் ஆலா. எல்லாம் ஒருசேர எழும்பினால் மேலே தேடுங்கள், வெண்வயிற்றுக் கடற்கழுகு வந்திருக்கும்.

கடலடிச் சிதைவைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு

இறக்கக்கண்டிக்கு அப்பால் கடலடியில் கிடக்கும் ஒரு சிதைவுக்கு நிலாவெளிச் சுழியோடிகள் கூட்டிப்போகிறார்கள். சான்றிதழ் உள்ளவர்களுக்கும் பயிற்சியாளரோடு போகிறவர்களுக்கும் மட்டும். அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவையும் சேர்த்துக்கொள்ளலாம். 1963இல் சரணாலயமான அது 2003இலிருந்து தேசியப் பூங்கா. பெயருக்குக் காரணமான மாடப்புறாக்கள் அங்கே பாறை இடுக்கில் காட்டுப் பறவையாகவே வாழ்கின்றன. முருகைக்கல்லில் மட்டும் கால் ஊன்றாதீர்கள்.

திரும்பும்போது

ஐந்தரைக்கு இரும்பை விட்டுப் புறப்பட்டால் வெளிச்சம் இருக்கும்போதே இறக்கக்கண்டிப் பாலத்துக்கு வந்துவிடலாம். வீதி ஓரமாகப் பாதுகாப்பாக நில்லுங்கள். பகல் முழுதும் கடலில் இருந்த நீர்க்காகங்களும் கொக்குகளும் கண்டல் மரங்களுக்குப் படுக்கத் திரும்பும் நேரம் அது. ஐந்தும் பத்துமாக, தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து வரும். ஒவ்வொரு கூட்டத்தையும் எண்ணி, நேரத்தையும் காற்றின் திசையையும் பக்கத்தில் எழுதுங்கள். அன்றைய இரும்பு மணலுக்கு மேல் எத்தனை அடி தெரிந்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு சனவரியிலும் நடக்கிறது, ஆனால் ஏப்ரல் மாலை ஒன்றில் இந்தப் பாலத்தடியில் எத்தனை பறவை கடந்தது என்பதை நீங்கள் எழுதினால்தான் உண்டு. கடைசிக் கொக்கு கண்டலுக்குள் இறங்கி, இலையோடு இலையாக மறையும்வரை நான் ஓட்டோவைக் கூப்பிடுவதில்லை.